முதல் மணிக்குச் சாப்பிட்டவள்

அது ஒரு வெண்கலக் கைமணி. மரக் கைப்பிடி, பல பேருடைய கைபட்டுக் கறுத்துப் போயிருந்தது. விளிம்பில் ஓரிடத்தில் மெல்லிய வெடிப்பு இருந்ததால் அதன் ஓசை முழுதாக ஒலித்து முடியாமல் கடைசியில் கம்மிப்போகும். மாத்தளை நகருக்கு மேலே, மலைச்சரிவில் இருந்த எங்கள் கிறிஸ்தவப் பெண்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மாணவியர் பேரவைத் தலைவியாகத் தெரிவாகிறவள் கையில்தான் அந்த மணி இருக்கும். அவள் அடித்தால் நாங்கள் எழும்புவோம், ஜெபிப்போம், படிப்போம், சாப்பிடுவோம். படுக்கும்போதும் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்த ஒருத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி பழைய மாணவியர் சங்கத்தார் என்னைக் கேட்டிருக்கிறார்கள். நாலு வார்த்தைக்காக ஒரு வாரம் தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை. ஆகவே நடந்ததை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நாடு சுதந்திரமடைந்து பத்து வருஷம்கூட ஆகாத காலம். "பிள்ளைகளே, இந்தத் தேசத்துக்குத் தலைவர்கள் தேவை" என்று கல்லூரித் தலைவியான வெள்ளைக்கார அம்மையார் ஒவ்வொரு திங்கட்கிழமையும் சொல்லுவார். நாங்கள் அவரைப் பெரிய மிஸ் என்போம். அவர் சொன்னதை எங்கள் கல்லூரி அளவுக்கு மீறியே எடுத்துக்கொண்டது. மாணவிகள் எண்பது பேர். சங்கங்கள் பதினொன்று! கிறிஸ்தவ மாணவியர் சங்கம், தமிழ் மன்றம், விவாத மன்றம், பாட்டுக் குழு, சேவைக் கழகம், தோட்டக் கழகம் என்று வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தலைவி, உபதலைவி, செயலாளர், உதவிச் செயலாளர். தோட்டக் கழகத்துக்கு ஆறு உத்தியோகத்தர்கள் இருந்தார்கள். தோட்டத்தில் இருந்ததோ இரண்டு ரோஜாச் செடி. பதவிக்காரிகள் மார்பில் சிவப்பு நாடாச் சின்னம் குத்தியிருப்பார்கள். அதைக் குளிக்கப் போகும்போதுகூடக் கழற்ற மனமில்லாத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். சிரிக்கத்தான் தோன்றுகிறது, ஆனால் நானும் அந்த நாடாவை இஸ்திரி போட்டுக் குத்திக்கொண்டவள்தான்.

எங்கள் பேரவைத் தலைவி ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் மகள். எங்களைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள் என்பதால் எல்லாருக்கும் அக்கா. உயரம், நல்ல குரல், கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைச் சேலை. ஜெபம் செய்யும்போது கண்ணைப் பாதிதான் மூடுவாள். மற்றப் பாதியால் யார் கண்ணை மூடவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பாள். எதையும் தனக்காகக் கேட்டதாக அவளை யாரும் குறைசொல்ல முடியாது. "நானா கேட்டேன்? நீங்கதானே தூக்கி வச்சீங்க" என்பதுதான் அவள் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. தூக்கி வைப்பதற்குத் தோதாக நாற்காலிக்குப் பக்கத்தில் போய் அவள் முன்கூட்டியே நின்றுகொண்டிருப்பாள், அதை மட்டும் சொல்ல மாட்டாள்.

இனி மணிக்கு வருகிறேன். பகல் சாப்பாட்டுக்கு இரண்டு தடவை மணி அடிக்கும். முதல் மணி, பணம் கட்டிப் படிக்கிற பிள்ளைகளுக்கும் பேரவை உத்தியோகத்தர்களுக்கும். இரண்டாவது மணி, மிஷன் உதவியில் படிக்கிற எங்களுக்கு. நாங்கள் இருபது பேர் வரை இருந்தோம். ஏறக்குறைய எல்லாரும் லயத்துப் பிள்ளைகள், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். என் அம்மா கொழுந்து எடுப்பவர். எங்களுக்குக் கல்லூரியில் 'சேவைப் பிள்ளைகள்' என்று பெயர். அடேயப்பா, எவ்வளவு அழகான பெயர்! முதல் மணிக்கு அவர்கள் உட்காருவார்கள், நாங்கள் பரிமாறுவோம், மேசையைத் துடைப்போம். பிறகு சமையற்காரம்மா மிச்சமிருக்கும் பருப்புக்குள் ஒரு கேத்தல் சுடுதண்ணீரை ஊற்றுவார். அந்தத் தண்ணீர் விழும் சத்தம்தான் எங்களுக்கு உண்மையான மணி. பிறகு தலைவி வந்து இரண்டாவது மணியை அடிப்பாள். பத்து நிமிஷத்துக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு ஓடுவோம்.

ஓடினாலும் பிந்திவிடும். தட்டுக் கழுவி, கை துடைத்து, படியேறி வகுப்புக்குப் போவதற்குள் இடாப்பில் பெயர் கூப்பிட்டு முடிந்திருக்கும். எங்கள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'பிந்தியவர்' என்று விழும். அது வெறும் சிவப்பு மை என்றுதான் நான் நினைத்திருந்தேன். விடுதியில் என் பக்கத்துக் கட்டில்காரிதான் அதன் அர்த்தத்தைக் கண்டுபிடித்தாள். படிப்பு முடிந்து போகும்போது ஒவ்வொருத்திக்கும் நற்சாட்சிப் பத்திரம் ஒன்று கொடுப்பார்கள். அதில் நேரந்தவறாமை என்று ஒரு வரி உண்டு. அதைப் பார்த்துத்தான் யாரைப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது, யாரை ஒற்றை அறைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது என்று மிஷன் தீர்மானிக்கும். முந்தின வருஷங்களில் போன சேவைப் பிள்ளைகளில் ஒருத்திகூட மாத்தளைப் பட்டணத்தில் படிப்பிக்கவில்லை என்று அவள் விசாரித்து அறிந்துவைத்திருந்தாள். "நமக்கு அறிவு பத்தலைன்னு நெனச்சிக்கிட்டு இருக்கோம்டி. அறிவு இல்ல, மணி" என்றாள்.

விடுதியில் என் கட்டிலுக்கும் அவள் கட்டிலுக்கும் நடுவில் ஒரு தகரப்பெட்டி வைக்கத்தான் இடம் இருந்தது. யட்டவத்தைப் பக்கத்து றப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டுகிறவரின் மூத்த பெண். குள்ளமாக இருப்பாள், குரலும் சின்னது, எந்தச் சங்கத்திலும் பதவி இல்லை. அவளுக்குக் கீழே நான்கு பேர். பட்டணத்துப் பள்ளிக்கூடம் கிடைத்தால் ஒரு அறை எடுத்து அந்த நான்கு பேரையும் தன்னோடு வைத்துப் படிக்க வைக்கலாம் என்பது அவள் கணக்கு. தோட்டத்தில் இருந்தால் ஐந்தாம் வகுப்போடு அவர்கள் பால் வாளியைத் தூக்க வேண்டியதுதான். இரண்டு மணியை ஒரு மணியாக்கிவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் நம்பினாள். மணி தலைவியின் அதிகாரத்தில் இருந்ததால் முதலில் தலைவியிடமே போய்க் கேட்டாள்.

அந்த வாரம் விவாத மன்றத்தில் 'மாந்தர் அனைவரும் சமமே' என்று தலைப்பு. சமமே என்ற கட்சிக்குத் தலைவி தலைமை தாங்கிப் பேசினாள். என்ன பேச்சு! கையை உயர்த்தி, குரலை இறக்கி, லயத்து மக்களின் கண்ணீரைப் பற்றிச் சொன்னபோது முன்வரிசையில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். பெரிய மிஸ்ஸும் கைதட்டினார். பேச்சு முடிந்ததும் மேசையில் இருந்த மணியை அவளே எடுத்து அடித்தாள். முதல் மணி! கண்ணீர் விட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனார்கள். லயத்து மக்களாகிய நாங்கள் சம்பல் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனோம். பரிமாறுகிற இடத்தில் வைத்து என் சிநேகிதி அவளிடம் மெதுவாக, "அக்கா, ரெண்டு மணிய ஒரு மணியாக்கினா நாங்களும் நேரத்துக்கு வகுப்புக்கு வந்துருவோம்" என்றாள். தலைவி அவள் தோளில் கை வைத்து, "ஜெபிச்சுப் பாக்குறேன் தங்கச்சி" என்றாள். மூன்று நாள் கழித்து, "ஜெபிச்சேன். சேவை செய்றது ஒரு பாக்கியம், அதப் பறிக்கக் கூடாதுன்னு மனசுல பட்டுச்சு" என்று பதில் வந்தது. ஆண்டவர் பேரில் பழியைப் போட்டுவிட்டுப் பொரித்த கருவாட்டுத் துண்டு இரண்டை எடுத்துக்கொண்டாள்.

பேரவைக்கு ஆறு மாதத்துக்கொரு தடவை தெரிவு நடக்கும். தெரிவு என்று பெயர்தான். கிறிஸ்தவக் குடும்பத்தில் போட்டி கூடாது என்று கல்லூரி தொடங்கிய காலத்தில் யாரோ சொல்லி வைத்தார்களாம். அதிலிருந்து ஒரு பெயர் பிரேரிக்கப்படும், ஆமோதிக்கப்படும், ஏகமனதாகத் தெரிவாகும், ஒரு பாட்டுப் பாடிக் கலைவோம். எங்கள் தலைவி இப்படி இரண்டு தடவை ஏகமனதாகிவிட்டாள், மூன்றாவது தடவைக்கும் ஏகமனதாகத் தயாராக இருந்தாள். ஆனால் நூலக அலுமாரியில் பேரவையின் சட்டவிதிப் புத்தகம் ஒன்று தூசி படிந்து கிடந்தது. அதை எண்பது பேரில் வாசித்தவள் பக்கத்துக் கட்டில்காரி ஒருத்திதான். எந்த மாணவியும் எந்த மாணவியின் பெயரையும் பிரேரிக்கலாம். ஆமோதிப்பவர் மட்டும் ஏதாவது ஒரு சங்கத்தின் உத்தியோகத்தராக இருக்க வேண்டும். இரண்டு பெயர் வந்தால் சீட்டுப் போட்டு வாக்கெடுக்க வேண்டும். இரகசியச் சீட்டு என்றால் பணம் கட்டிப் படிக்கிற பிள்ளைகளிலும் பாதிப் பேர் தலைவிக்குப் போட மாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அவளுடைய மணிக்குப் பயந்து எழும்பி அலுத்தவர்கள் அவர்கள்.

சேவைப் பிள்ளைகளில் உத்தியோகத்தராக இருந்தவள் நான் ஒருத்திதான். கையெழுத்து நன்றாக இருந்ததால் தமிழ் மன்றத்துக்கு உதவிச் செயலாளராக்கியிருந்தார்கள். உதவிச் செயலாளருக்கு நாடா உண்டு, முதல் மணி கிடையாது. அது பேரவைக்காரிகளுக்கு மட்டும். ஒரு சாயந்தரம் துணி துவைக்கிற கல்லடியில் வைத்து அவள் என்னிடம் கேட்டாள். "என் பேரப் பிரேரிக்க ஒருத்தி இருக்கா. நீ எந்திரிச்சு, ஆமோதிக்கிறேன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். மிச்சத்த நான் பாத்துக்கிறேன்." நான் சிரித்தேன். "ஒரு வார்த்ததானே, ஒம்பது தடவ சொல்றேன்" என்றேன். அவள் ஈரக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் உண்மையாகத்தான் சொன்னேன், அந்த நேரத்தில்.

தெரிவுக்கு முதல் நாள் தலைவி என்னைத் துணிமணி வைக்கும் அறைக்குக் கூப்பிட்டாள். எப்படித் தெரிந்துகொண்டாளோ, அவளுக்குத் தெரிந்திருந்தது. கோபிக்கவில்லை, மிரட்டவில்லை. மேசைவிரிப்புகளை மடித்துக்கொண்டே பேசினாள். "அடுத்த தவணைக்குப் பேரவைக்குச் செயலாளர் வேணும். ஒன்னோட கையெழுத்து யாருக்கு இருக்கு? செயலாளர்னா மொத மணிக்கு எங்களோட உக்காரணும். கூட்டமெல்லாம் சாப்பாட்டு மேசையிலதானே நடக்குது." விரிப்பின் மறு முனையை என் கையில் கொடுத்தாள், இருவருமாக இழுத்து மடித்தோம். "நான் ஒன்னைய ஒண்ணும் செய்யச் சொல்லல. சும்மா இருந்தாப் போதும்" என்றாள். எவ்வளவு மலிவாக என்னை எடை போட்டாள் என்று பிறகு பல வருஷம் கொதித்திருக்கிறேன். எடை சரியாக இருந்தது என்பதுதான் கொதிப்புக்குக் காரணம்.

மறுநாள் மண்டபத்தில் பெரிய மிஸ் நடுவில், தலைவி அவருக்கு வலப்பக்கத்தில், மேசையில் மணி. பாட்டு முடிந்து ஜெபம் முடிந்து தலைவியின் பெயர் பிரேரிக்கப்பட்டது. ஆமோதிக்க நான்கு பேர் ஒரே நேரத்தில் எழும்பினார்கள். பெரிய மிஸ் வழக்கம்போல, "வேறு பெயர் உண்டா?" என்று கேட்டுவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கப் போனார். அப்போது சேவைப் பிள்ளை ஒருத்தி எழும்பிப் பக்கத்துக் கட்டில்காரியின் பெயரைச் சொன்னாள். பெரிய மிஸ் கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "ஆமோதிப்பவர் உண்டா?" என்றார். என் கால் இரண்டும் தயாராகத்தான் இருந்தன. நான் முதல் மணியை நினைத்தேன். தண்ணீர் ஊற்றாத பருப்பை நினைத்தேன். பட்டணத்துப் பள்ளிக்கூடத்தையும் நினைத்தேன். இரண்டாவது தடவை கேட்டார். எனக்கு முன்னால் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. மூன்றாவது தடவை கேட்டபோது நான் என் நாடாச் சின்னத்தின் ஊசியைச் சரிபண்ணிக்கொண்டிருந்தேன். தலைவி மணியை ஒரு தட்டுத் தட்டினாள். ஏகமனதாக எல்லாரும் கைதட்டினோம். "ஆமோதிப்பார் இல்லாமையால் இரண்டாவது பெயர் கைவிடப்பட்டது" என்று அன்றைய கூட்ட அறிக்கையை அழகான கையெழுத்தில் எழுதியவள் புதிய செயலாளராகிய நானேதான்.

அன்று பகலே முதல் மணிக்கு உட்கார்ந்தேன். எங்கள் மேசைக்குப் பரிமாற வந்தவள் அவள். என்னை ஏசியிருந்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால், நானும் நாலு பேச்சுப் பேசி என் மனசாட்சியைத் தேற்றியிருப்பேன். அந்த வசதியை அவள் எனக்குத் தரவில்லை. பருப்புச் சட்டியை அடியிலிருந்து நன்றாகக் கலக்கி, கட்டியாக ஒரு அகப்பை அள்ளி என் சோற்றில் ஊற்றினாள். "போதுமா?" என்றாள். மற்றவர்களிடம் கேட்ட அதே குரல். நான் தலையாட்டினேன். அந்தப் பருப்பு மிகவும் ருசியாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதன்பிறகு என் பெயருக்கு நேரே சிவப்பு மை விழவே இல்லை. நற்சாட்சிப் பத்திரத்தில் 'நேரந்தவறாதவர், தலைமைத்துவப் பண்பு மிக்கவர்' என்று பெரிய மிஸ் தன் கையால் எழுதித் தந்தார். தலைமைத்துவம்! சும்மா இருந்ததற்குக் கிடைத்த பட்டம். மாத்தளைப் பட்டணத்து மிஷன் பள்ளிக்கூடம் எனக்குக் கிடைத்தது. அவளுடைய பத்திரத்தில் 'பிந்தி வரும் பழக்கம் உண்டு' என்று இருந்தது. மலைக்கு அப்பால், பஸ் போகாத தோட்டமொன்றில் ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அங்கிருந்து நான்கு பேரையும் படிக்க வைக்க அவளால் முடியவில்லை. மூத்த தம்பி பால் வெட்டப் போய்விட்டான் என்று யாரோ சொல்லக் கேள்விப்பட்டேன். பிறகு பிரஜாவுரிமை இல்லாத தோட்டத்து மக்களைக் கப்பலேற்றியபோது குடும்பத்தோடு அவளும் இந்தியாவுக்குப் போய்விட்டாள்.

போன வருஷம் பள்ளிக்கூட விலாசத்துக்கு அவளிடமிருந்து ஒரு தபாலட்டை வந்தது. கப்பலில் போய் இறங்குகிறவர்களை வைத்திருக்கும் இந்தியக் கரையோரத்து மண்டபம் முகாமிலிருந்து எழுதியிருந்தாள். எல்லாரும் சுகம், அம்மாவுக்குத்தான் இருமல், எங்கே அனுப்புவார்கள் என்று இன்னும் தெரியாது என்று நாலு வரி. அடியில் இடம் மிச்சமிருந்த ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'இங்க சாப்பாட்டுக்கு ஒரே மணிதான்டி.' குத்திக்காட்டத்தான் எழுதினாளா, சிரிக்கத்தான் எழுதினாளா, எனக்குத் தெரியவில்லை. பதில் எழுத உட்கார்ந்தேன். அழகான கையெழுத்தில் விலாசத்தை மட்டும் எழுதிவிட்டு எழும்பிவிட்டேன்.

போன மாதம் பழைய மாணவியர் ஒன்றுகூடல் நடந்தது. கல்லூரியை மூடப் போகிறார்கள், அதனால் கடைசியாக ஒரு தடவை. தலைவி பிரதம விருந்தினர். இப்போது கொழும்பில் ஏழெட்டுச் சங்கங்களுக்குத் தலைவியாம். எல்லாவற்றுக்கும் அவர்களாகத்தான் தூக்கி வைத்தார்களாம், மேடையிலேயே சொன்னாள். உடம்பு பருத்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. லயத்து மக்களின் கண்ணீரும் பேச்சில் வந்தது, அதே இடத்தில் குரலை இறக்கினாள். பேசி முடித்ததும் அந்தப் பழைய மணியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூன்று தடவை ஏகமனதாகத் தெரிவான ஒரே தலைவி என்று அவள் பெயரைப் பொறிக்க வேண்டும் என்று யாரோ ஒருத்தி பிரேரித்தாள். "ஆமோதிப்பவர்?" என்று கேட்டுத் தலைவி நேரே என்னைப் பார்த்துச் சிரித்தாள். கைப்பைக்குள் தபாலட்டை இருந்தது. நான் எழும்பவில்லை. இருபது வருஷத்துக்கு முந்தித் தெரிந்துகொண்ட வித்தையை அவளுக்கே திருப்பிக் காட்டிவிட்டதாக எனக்குள் ஒரு பெருமை. அந்தப் பெருமை ஒரு மூச்சு நேரம்கூட நிலைக்கவில்லை. பின்வரிசையில் ஐந்தாறு பேர் ஒன்றாக எழும்பி ஆமோதித்துவிட்டார்கள். அந்த மண்டபத்தில் அதற்கு எந்தக் காலத்தில் ஆள் பஞ்சம்?

பிறகு சாப்பாடு. அரிசிக்கு நாடெங்கும் தட்டுப்பாடு. எல்லாருக்கும் சோறு போட வழியில்லை. விருந்தினர்களுக்கும் பழைய பேரவைக்காரிகளுக்கும் முதல் மணிக்குச் சோறு, மற்றவர்களுக்கு இரண்டாவது மணிக்கு மரவள்ளிக்கிழங்கு என்று ஏற்பாடு. மணியைத் தலைவியே அடித்தாள், பழைய ஞாபகத்துக்காகவாம். நான் வாசலோரத்தில் மற்றவர்களோடு நிற்கத்தான் தீர்மானித்திருந்தேன். அன்றைக்குப் பக்கத்துக் கட்டில்காரியின் பெயரைப் பிரேரித்தவளும் அங்கேதான் நின்றாள், தலை நரைத்துப் போயிருந்தது. தலைவி மேசையிலிருந்து கையைக் காட்டி, "எங்க செயலாளர் அங்க என்னா செய்றா? வாடி இங்க" என்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்பது ஆமோதிக்கிறேன் என்பதைவிடச் சின்ன வார்த்தை.

போய் உட்கார்ந்தேன். கல்லூரியின் கடைசித் தொகுதிப் பெண்ணொருத்தி, நாடா இல்லாதவள், பருப்புச் சட்டியோடு வந்து ஒரு அகப்பை ஊற்றிவிட்டு, "போதுமா மிஸ்?" என்றாள். சுடச்சுட, கட்டியான பருப்பு. சோறு கண்டு நான்கு நாளாகியிருந்தது எனக்கு.

"இன்னுங் கொஞ்சம் ஊத்துமா" என்றேன்.

நான் தட்டை வழித்து முடித்த பிறகுதான் இரண்டாவது மணி அடித்தது.